கண்ணுக்குத் தெரியாத பனி

பனி என்ற ஒரே சொல்லில் நாம் எத்தனையோ பொருள்களை அடக்கிவிடுகிறோம். மார்கழிக் காலையில் புல் நுனியில் நிற்கும் துளியும் பனிதான். தரையைத் துளைக்கும் என்று பாட்டிமார் பயமுறுத்துகிறார்களே, அந்தத் தை மாதத்துக் குளிரும் பனிதான். இமயத்தின் சிகரங்களைப் போர்த்தியிருக்கும் வெண்படலமும் பனிதான். ஆனால் மலைச் சாலையில் மோட்டார் ஓட்டுகிறவர்கள் அஞ்சுவது இவற்றில் எதற்கும் அன்று. அவர்கள் அஞ்சும் பனி வெளுப்பாக இராது; பஞ்சு போல உதிராது. கண்ணாடித் தகடு போல் ரோட்டின்மேல் படிந்து, அடியிலுள்ள தாரின் கறுப்பையே தன் நிறமாகக் காட்டிக்கொண்டு கிடக்கும். அதனால் அதற்குக் கறுப்புப் பனி என்றே பெயர். 2023-ஆம் வருஷம் பிப்ரவரி மாதத்தில், இமாசலப் பிரதேசத்தில் குடும்ப சகிதமாகப் பிரயாணம் செய்தபோது, அந்தப் பனியோடு எங்களுக்குப் பரிச்சயம் ஏற்பட்டது.

மனாலி நகரம் பியாஸ் நதிக் கரையில், தேவதாரு மரங்களின் நடுவே இருக்கிறது. அதற்கு வடக்கே சுமார் 13,000 அடி உயரத்தில் ரோதாங் கணவாய். அந்தப் பெயருக்குப் 'பிணக்குவியல்' என்று பொருள் சொல்லுகிறார்கள். அதைக் கடக்க முயன்று பனியில் மாண்டவர்கள் அத்தனை பேர். கணவாய்க்கு அப்பாலுள்ள லாஹௌல் பிரதேசம் முன்பெல்லாம் பனிக்காலத்தில் மாதக்கணக்காக வெளியுலகத் தொடர்பின்றிக் கிடக்கும். 2020-ஆம் வருஷம் அக்டோபர் 3-ந் தேதி, மலையைக் குடைந்து அமைத்த அடல் சுரங்கப் பாதை திறக்கப்பட்டது. நீளம் ஒன்பது கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். இருப்பது பதினாயிரம் அடி உயரத்தில். அதனால் மனாலியிலிருந்து லே நகருக்குப் போகும் வழியில் 46 கிலோமீட்டர் குறைந்தது. பனிக்காலத்தில் லாஹௌலைப் பார்க்கும் பாக்கியம் நம்மைப் போன்றவர்களுக்கும் கிட்டியது.

நாங்கள் அமர்த்திக்கொண்ட வண்டியின் டிரைவர் அந்த மலைநாட்டு இளைஞர். கிளம்புமுன்பு அவர் விதித்த நிபந்தனை ஒன்றே ஒன்று: பின் ஆசனத்தில் இருப்பவர்களும் பெல்ட் போட்டுக்கொள்ள வேண்டும். எங்கள் தாயாருக்கு இது சற்றும் பிடிக்கவில்லை. "என்னடா இது, மளிகைக் கடையில் பொட்டலம் கட்டுகிற மாதிரி!" என்றார். டிரைவருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் விஷயம் விளங்கிவிட்டது. "மாதாஜி" என்று கைகூப்பிவிட்டு, அவரே பெல்ட்டை இழுத்து மாட்டினார். கைகூப்பியவரிடம் தாயாரால் எப்படிக் கோபித்துக்கொள்ள முடியும்?

சுரங்கத்தின் தெற்கு வாயிலில் நுழைந்து வடக்கு வாயிலில் வெளிப்பட்டதும், வேறு லோகத்துக்கு வந்துவிட்டாற் போலிருந்தது. மரமே இல்லாத மலைகள்; மண்ணே தெரியாத வெண்மை; இடையில் நீலக்கோடு போல் சந்திரா நதி. தாண்டி என்னுமிடத்தில் இதனோடு பாகா நதி கலக்கிறது. அதன்பின் ஆற்றுக்குச் சந்திரபாகா என்று பெயர், அதுவே செனாப். சிஸ்ஸு கிராமத்தில் எங்கள் எட்டு வயதுப் பெண் பனியில் புரண்ட புரளலையும், அவளுடைய பாட்டி பனியுருண்டை எறிந்த சாமர்த்தியத்தையும் வர்ணிக்க இங்கே இடம் போதாது. பிற்பகல் இரண்டு மணிக்கே டிரைவர் வானத்தையும் மலை நிழலையும் பார்த்து, புறப்படலாம் என்றார். உடனே புறப்பட்டோம். ஆனால் எங்களைப் போலவே நூற்றுக்கணக்கான வண்டிகள் புறப்பட்டிருந்தன. ஊர்ந்து ஊர்ந்து தெற்கு வாயிலுக்கு வெளியே வரும்போது மணி ஐந்து.

அங்கிருந்து சோலாங் வரையில் இறக்கம். சாலை சுத்தமாக இருந்தது. இரண்டு பக்கமும் இயந்திரத்தால் ஒதுக்கிய பனி, குட்டிச் சுவர் போல் நின்றது. மணிக்கு இருபது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகவில்லை. நிழல் விழுந்த ஒரு வளைவில் திரும்பினோம். அவ்வளவுதான், சக்கரங்களின் இரைச்சல் சட்டென்று நின்றுவிட்டது. வண்டி சாலையின்மேல் ஓடுவதை விட்டு மிதக்கத் தொடங்கியது. கண்ணாடிக்கு எதிரே சாலை போய்ப் பள்ளத்தாக்கு வந்தது. கீழே வெகு ஆழத்தில் ஓர் ஓடை தெரிந்தது. யாரும் கூச்சலிடவில்லை, கூச்சலிட அவகாசம் இல்லை. டிரைவர் பிரேக்கை மிதிக்கவில்லை. ஸ்டியரிங்கைத் துளித்துளியாக மலைப்பக்கம் திருப்பினார். வண்டி பம்பரம் போல் அரை வட்டம் சுழன்று, மலையோரப் பனிச்சுவரில் பின்புறமாக மோதி, வாய்க்காலில் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. கண்ணாடிகள் நொறுங்கின. பெல்ட் அறுக்காத குறையாக எங்களைப் பிடித்துக்கொண்டது. தாயாருக்குத் தோளில் நல்ல காயம். குழந்தைக்கு நெற்றியில் கீறல். மற்றபடி தெய்வாதீனமாக எல்லோரும் உயிரோடிருந்தோம்.

அபாயம் தீர்ந்தது என்று நினைத்தோம். டிரைவர் அப்படி நினைக்கவில்லை. எங்களை அவசரமாக வெளியே இழுத்து, வளைவுக்கு அப்பால் மலையோரமாக நிறுத்தினார். தாயாரின் சிவப்புச் சால்வையை வாங்கிக்கொண்டு, வந்த வழியே மேட்டில் ஓடினார். பின்னால் வருகிற வண்டியும் இதே இடத்தில்தானே வழுக்கும்? சால்வையைக் கண்டு மெள்ள வந்த முதல் வண்டிகூட வழுக்கிக்கொண்டே வந்து, எங்கள் வண்டிக்கு நாலு முழம் தள்ளித்தான் நின்றது. சால்வை இல்லாதிருந்தால்? அதை நினைக்கும்போது இப்போதும் உடல் நடுங்குகிறது.

சிறிது நேரத்தில் பத்துப் பேர் கூடிவிட்டார்கள். மண்ணை அள்ளிச் சாலையில் தூவினார்கள். கயிறு கட்டி வண்டியை இழுத்தார்கள். எங்களைத் தங்கள் வண்டிகளில் பகிர்ந்து ஏற்றிச் சென்று, ஒரு தேநீர்க் கடையில் அடுப்பருகே உட்கார வைத்தார்கள். பணம் கொடுக்கப் போனபோது சிரித்தார்கள். தாயார் அந்த டிரைவரின் கன்னத்தைத் தடவி, "நீ நன்றாயிருக்க வேணும், தம்பி!" என்றார். அதற்கும் மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை.

இந்தக் கறுப்புப் பனி உண்டாகும் விதம் எளிதானது. பகல் வெயிலில் ஓரத்துப் பனி உருகிச் சாலையில் வழிகிறது. மாலை நிழலில் அந்த நீர் உறைகிறது. கடுங்குளிரில் இறுகிய பனிக்கட்டியைக் காட்டிலும், உருகும் நிலையை ஒட்டியிருப்பதே அதிகமாக வழுக்கும். உலர்ந்த ரோட்டில் முப்பது கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி, பிரேக் போட்டால் சுமார் 5 மீட்டரில் நின்றுவிடும். பனிக்கட்டியில் அதற்குச் சுமார் 35 மீட்டர் வேண்டும். சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொண்டால் திருப்பியும் பயனில்லை. வண்டி போன போக்கில்தான் போகும். பாலங்களின்மேல் இன்னும் சீக்கிரம் உறையும். அடியிலும் குளிர் காற்று வீசுகிறதல்லவா?

பனியைப் பார்க்கப் போகும் நேயர்கள் தாராளமாகப் போகட்டும். அந்த வெண்மை கண்டு மகிழவேண்டியதே. காலையில் கிளம்பி, மலை நிழல் சாலையில் விழுமுன்பு திரும்பிவிடுங்கள். கூட்டத்துக்கென்று இரண்டு மணி நேரம் கூட்டி வைத்துக்கொள்ளுங்கள். மலைநாட்டார் ஓட்டும் வண்டியில் ஏறுங்கள். அவர் சொல்வதைக் கேளுங்கள். பின் ஆசனத்துப் பெரியவர்கள் முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும். பொட்டலத்தை மட்டும் கெட்டியாகக் கட்டிவிடுங்கள்!