தக்காளிக்கு மட்டும் தண்ணி

முதல்லயே ஒரு டிஸ்கி போட்டுடறேன். இது கஞ்சாவை ஆதரிச்சோ எதிர்த்தோ எழுதுற பதிவு இல்லை. நான் சிகரெட்டு கூடத் தொட்டதில்லை. பக்கத்து வீட்டுக்காரர் செடிக்குத் தண்ணி ஊத்தாம விட்ட கதை இது. நாலஞ்சு வருஷமா மனசுல உறுத்திக்கிட்டே இருக்கு, கொட்டிடலாம்னு உட்கார்ந்துட்டேன். கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன், பொறுத்துக்கோங்க மக்களே.

நான் பொட்டி தட்டுறது கலிபோர்னியாவுல, பே ஏரியாவோட கிழக்குப் பக்கத்துல ஒரு சின்ன ஊர். ஊர் பேர் வேண்டாம். 2016 நவம்பர் தேர்தல்ல அதிபர் ஓட்டோட சேர்த்து இங்க 'ப்ராப் 64'னு ஒரு சட்டத்துக்கும் ஓட்டு நடந்தது. சுமார் 57 சதவீதம் பேர் ஆமாம்னு குத்த, 21 வயசு ஆனவங்க கஞ்சா வச்சிருக்கறது மாநிலச் சட்டப்படி குற்றம் இல்லைன்னு ஆயிடுச்சு. கையில 28.5 கிராம் வரைக்கும் வச்சிருக்கலாம். வீட்டுக்கு 6 செடி வளர்க்கலாம். ஆளுக்கு 6 இல்லை, வீட்டுக்கு 6. கடை வியாபாரம் 2018 ஜனவரி 1-லிருந்து.

நம்மள மாதிரி வெளியூர்லேர்ந்து வந்தவங்களுக்குப் புரியாத ஒரு விஷயம் இதுல உண்டு. மாநிலம் சரின்னு சொல்லிட்டா எல்லா ஊர்லயும் கடை வந்துடும்னு நினைச்சேன். அப்படி இல்லை. கடை, தோட்டம், தயாரிப்புக் கூடம் எதுவா இருந்தாலும் மாநில லைசென்ஸும் வேணும், ஊர் நகராட்சி அனுமதியும் வேணும். நகராட்சி 'எங்க ஊர்ல கிடையாது'ன்னு ஒரு தீர்மானம் போட்டா முடிஞ்சது கதை. பாதிக்கும் மேற்பட்ட ஊர்கள்ல இன்னிக்கும் ஒரு கடை கூட இல்லாததுக்குக் காரணம் இதுதான்.

அதனால 2017-ல ஊருக்கு ஊர் பஞ்சாயத்து. எங்க ஊர்லயும் நகராட்சிக் கூட்டம் போட்டாங்க. தமிழ்ப் பள்ளி பெற்றோர் வாட்ஸ்அப் குழுவுல "புள்ளைங்க வாழ்க்கை என்னாகறது, எல்லாரும் வாங்க"ன்னு ஒரே அழைப்பு. நானும் போனேன். டோக்கன் வாங்கி வரிசையில நின்னேன். ஆளுக்கு 3 நிமிஷம்னு ஆரம்பிச்சு, கூட்டத்தைப் பார்த்துட்டு 1 நிமிஷம்னு குறைச்சுட்டாங்க.

எனக்கு முன்னாடி பேசின ஒருத்தர் கோலிங்கா கதையைச் சொன்னார். லாஸ் ஏஞ்சல்ஸ் போற வழியில ஐ-5 நெடுஞ்சாலையில மாட்டுச்சாண வாடை மூக்கைத் துளைக்குமே, கார் கண்ணாடியை அவசரமா ஏத்துவோமே, அந்தப் பக்கத்து ஊர்தான். கடன்ல தவிச்ச அந்த ஊர், சும்மா கிடந்த தன்னோட சிறைச்சாலையை 2016-ல 4.1 மில்லியன் டாலருக்குக் கஞ்சா எண்ணெய் தயாரிக்கற கம்பெனிக்கு வித்துருச்சு. கம்பெனியில பாப் மார்லி மகன் டேமியன் மார்லியும் ஒரு பங்குதாரர். இதே செடிக்காக ஆளை உள்ள தள்ளின காலம் போய், சிறைக்குள்ளயே செடி! "நம்ம ஊருக்கும் வரி வரும், யோசிங்க"ன்னார் அவர்.

நான் யோசிக்கல. என் முறை வந்ததும், "கடையும் வேண்டாம், தயாரிப்பும் வேண்டாம், வேலிக்கு மேல எட்டிப் பார்த்தா தெரியற மாதிரி வீட்டுத் தோட்டத்துலயும் வேண்டாம்"னு ஒரு நிமிஷத்துல கடகடன்னு சொல்லிட்டு இறங்கினேன். நல்ல கைதட்டல். வீட்டுக்கு வந்து தங்கமணிகிட்ட ரெண்டு தரம் அந்தக் கைதட்டலைப் பத்திச் சொன்னேன் :-)

நகராட்சியும் அப்படியே போட்டுருச்சு. வியாபாரம் எதுவும் கிடையாது. திறந்தவெளியில செடி கூடாது. ஆனா வீட்டுக்குள்ளயோ, பூட்டுப் போட்ட மூடின கொட்டகையிலயோ 6 செடி வளர்க்கறதை எந்த நகராட்சியாலயும் அடியோட தடுக்க முடியாது. மாநிலச் சட்டம் அந்த ஒரு இடத்துல கையைக் கட்டிப் போட்டிருக்கு. நியாயமான கட்டுப்பாடு போடலாம், அவ்வளவுதான்.

இப்ப பக்கத்து வீட்டுப் பெரியவர். எழுபதைத் தாண்டினவர், பஸ் மெக்கானிக்கா இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை. பொண்ணு டெக்ஸாஸ்ல. நாங்க வீடு வாங்கி வந்த முதல் நாளே ஏணி கொடுத்து உதவினவர். பல வருஷமா வாகனத்துக்கு அடியில படுத்துப் படுத்து இடுப்பு போச்சு. பின்பக்கம் தக்காளி போடுவார், கூடை நிறைய வேலிக்கு மேல எங்களுக்கும் வரும். அம்மா வந்திருந்தப்ப அந்தத் தக்காளியில ரசம் வச்சு ஒரு சொம்பு அந்தப் பக்கம் போகும். ரெண்டு பேருக்கும் பாஷை தெரியாது, ஆனா ஒரு மணி நேரம் பேசுவாங்க!

தக்காளிக்குப் பக்கத்துலயே பிளாஸ்டிக் தாள் போர்த்தின ஒரு கொட்டகை முளைச்சது, பூட்டோட. ஏதோ விதை நாத்து போடறார்னு நினைச்சேன்.

2019 ஆகஸ்ட். பெரியவருக்கு இடுப்பு மாற்று ஆபரேஷன். அதுக்கப்புறம் மறுவாழ்வு மையத்துல சில நாள். "பத்து நாள் என் செடிங்களுக்குத் தண்ணி விடறியா?"ன்னு கேட்டு ஒரு சாவியைக் கையில வச்சார். "இதெல்லாம் கேக்கணுமா"ன்னு வாங்கி, சமையலறையில காலண்டர் ஆணியில மாட்டினேன்.

அடுத்த நாள் காலையில குழாயை இழுத்துக்கிட்டுப் போய்த் தக்காளிக்கு விட்டுட்டு, கொட்டகையைத் திறந்தேன். உள்ள ஆறு செடி. இலையைப் பார்த்ததுமே தெரிஞ்சு போச்சு. கதவைச் சாத்திட்டு, குழாயை அப்படியே போட்டுட்டு வீட்டுக்கு ஓடி வந்துட்டேன்.

ஏன் ஓடணும்? மாநிலச் சட்டப்படி சரி. ஆறுக்கு மேல இல்லை. ஊர்ச் சட்டப்படியும் சரி, மூடிப் பூட்டியிருக்கார். ஆனா 1970-ல வந்த மத்தியச் சட்டப்படி அந்தச் செடியை வளர்க்கறது குற்றம். அந்த ஊர்க்காரர் வீட்டு ஆறு செடியைத் தேடி மத்திய அரசு வரப்போறதில்லை. எங்க கதை வேற. பச்சை அட்டை கையில, குடியுரிமை விண்ணப்பம் போட்டு ரெண்டு மாசம் ஆகியிருந்தது.

அந்த வருஷம் ஏப்ரல்லதான் குடியேற்றத் துறை ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டிருந்தாங்க. மாநிலம் அனுமதிச்சிருந்தாலும், மத்தியச் சட்டப்படி குற்றமான கஞ்சா வேலை எதையாவது செஞ்சிருந்தா, 'நன்னடத்தை' இல்லைன்னு குடியுரிமையை மறுக்கலாம். வளர்க்கறதும் அதுல சேர்த்தி. கேஸ் போட்டுத் தண்டனை ஆகணும்னு கூட இல்லை, சத்தியம் பண்ணிட்டு நாமளே 'ஆமா செஞ்சேன்'னு ஒத்துக்கிட்டா போதும். கஞ்சாக் கம்பெனியில லைசென்ஸோட வேலை பார்த்தவங்களுக்கும் இதே கதிதான்.

தண்ணி ஊத்தறது வளர்க்கறதுல சேருமா? தெரிஞ்ச வக்கீலுக்குப் போன் போட்டேன். சிரிக்கவே இல்லை. "தொடாதீங்க. சாவியையே வாங்கியிருக்கக் கூடாது"ன்னார்.

வீட்டுல ஆலோசனைக் கூட்டம். தங்கமணிக்கும் பச்சை அட்டை, ஆகாது. அம்மா சுற்றுலா விசா, அடுத்த தடவை உள்ளயே விடமாட்டாங்க. பொண்ணு இங்கயே பொறந்தவ, குடிமகள். ஆனா வயசு 13. நாலு பேர் இருக்கற வீட்டுல ஆறு செடிக்கு ஒரு வாளி தண்ணி ஊத்த ஒருத்தருக்கும் வழியில்லை!

அம்மா முதல்ல பயந்தாங்க. "கஞ்சாச் செடியா? நம்மூர்ல போலீஸ் கூட்டிட்டுப் போயிருவான்டா"ன்னாங்க. உண்மைதான், நம்மூர் 1985 சட்டப்படி வளர்த்தா 10 வருஷம் வரைக்கும் உள்ள போகலாம். ஆனா மூணாவது நாள் வேலி ஓரமா நின்னுக்கிட்டு, "என்ன இருந்தாலும் உசுருள்ள செடி. காய விடறது பாவம்டா"ன்னாங்க.

நான் தினமும் காலையில போனேன். தக்காளிக்கு மட்டும் தண்ணி விட்டேன். பக்கத்துலயே கொட்டகை. ஆகஸ்ட் வெயில்ல பிளாஸ்டிக் தாளுக்குள்ள சூடு எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும். நாலாவது நாளே தாள் வழியா உள்ள தலை தொங்கினது நிழலாத் தெரிஞ்சது. திறந்தவெளியில தக்காளியோட வரிசையில நின்னிருந்தா ஒரே குழாய்ல எல்லாத்துக்கும் தண்ணி போயிருக்கும், நானும் அது எதுன்னு கேட்டிருக்க மாட்டேன். அதை உள்ள தள்ளிப் பூட்டணும்னு மைக் முன்னாடி நின்னு சொன்னவன் யாரு? நான்தான்.

பத்து நாள் கழிச்சுப் பெரியவர் வாக்கர் வச்சுக்கிட்டு வந்தார். சாவியைக் கொடுத்தேன். கொட்டகையைத் திறந்து பார்த்தார். ஆறும் சருகு. ரொம்ப நேரம் நின்னார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "ரொம்ப வெயில் போல"ன்னார்.

"ஆமா, ரொம்ப வெயில்"னேன்.

அந்தச் செடி அவருக்கு ராத்திரித் தூக்கத்துக்கு. ஆபரேஷன் வலிக்குக் கொடுத்த மாத்திரையைக் கண்டு பயப்படறவர். அதுக்கப்புறம் வாரா வாரம் அவர் வாசல்ல ஒரு டெலிவரி கார் வந்து நிக்கும். எங்க ஊர்ல கடை கிடையாதே தவிர, கார் வரும். 2019-ல மாநிலம் எந்த ஊருக்கும் கொண்டு போய்க் கொடுக்கலாம்னு விதி போட்டுது. 20-க்கும் மேற்பட்ட ஊர்கள் சேர்ந்து வழக்குப் போட்டும் 2020-ல கோர்ட்டு தள்ளிருச்சு. பொட்டலத்துல எல்லாம் சட்டப்படி இருக்கும். குழந்தைங்க திறக்க முடியாத மூடி. மிட்டாய்னா ஒரு துண்டுல 10 மில்லிகிராமுக்கு மேல சரக்கு கூடாது, மிருகம், பழம் மாதிரி வடிவம் கூடாது. அது மேல 15 சதவீதம் கலால் வரி, அதுக்கும் மேல விற்பனை வரி. வீட்டுல சும்மா வளர்ந்ததை ஓய்வூதியத்துல காசு கொடுத்து வாங்கினார். அந்தக் காரைப் பார்க்கறப்பல்லாம் நான் சன்னலை விட்டு நகர்ந்துடுவேன்.

2021 பிப்ரவரியில சத்தியப் பிரமாணம் எடுத்தேன். தங்கமணி கேசரி கிண்டினாங்க. ஒரு டப்பாவுல அதை எடுத்துக்கிட்டுப் பெரியவர் வீட்டுக்குப் போய், உட்கார்ந்து, எல்லாத்தையும் சொன்னேன். விண்ணப்பம், வக்கீல், மீட்டிங்ல ஒரு நிமிஷம் பேசினது, 'ரொம்ப வெயில்'னு சொன்னது.

"தெரியும். தக்காளி நல்லா இருந்துச்சே"ன்னார்.

எனக்குத் தூக்கி வாரிப் போட்டது. அவரே தொடர்ந்தார். "நீ தொடாதது தப்பில்லை. உன் பேப்பர் விஷயம் எனக்குத் தெரியாது, தெரிஞ்சிருந்தா சாவியே கொடுத்திருக்க மாட்டேன். ஆனா என் கையில போன் இருந்துச்சு. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எதிர்வீட்டு நர்ஸ் அம்மா அஞ்சு நிமிஷத்துல ஊத்தியிருப்பா."

பதிலே வரலை. அவர் சொன்னது சரி. மாநிலம், ஊர், மத்திய அரசு, குடியேற்றத் துறைன்னு நாலு சட்டம் அந்த ஒரு கொட்டகை மேல நின்னுச்சு. நாலும் சேர்ந்து என்கிட்ட சொன்னது தண்ணி ஊத்தாதேன்னு மட்டும்தான். போன் பண்ணாதேன்னு ஒரு சட்டமும் சொல்லலை. அது நானா சேர்த்துக்கிட்டது. மீட்டிங்ல கைதட்டல் வாங்கினவன் இந்தச் செடியைப் பத்தி எப்படிப் பேசறதுன்னு ஒரு வெட்கம், யாராவது கேட்டுட்டா என்னாகும்னு ஒரு பயம்.

பச்சை அட்டையோ விசாவோ வச்சிருக்கற மக்களே, உங்களுக்கு ஒண்ணு சொல்லிக்கறேன். இங்க கடை வாசல்ல விளக்குப் போட்டு விக்கறான்னு தொட்டுடாதீங்க, அந்தக் கம்பெனிங்கள்ல வேலைக்கும் வக்கீலைக் கேக்காம போகாதீங்க. அந்த லைசென்ஸ் அவனுக்குத்தான், நமக்கு இல்லை. ஆனா முடியாதுங்கறதை முடியாதுன்னு வாயைத் திறந்து சொல்லிடுங்க.

அன்னிக்கு ராத்திரி அம்மாவுக்குப் போன் போட்டு, குடிமகன் ஆயிட்டேன்னு சொன்னேன். "ரொம்ப சந்தோஷம்டா"ன்னாங்க. அடுத்த கேள்வி, "அந்தப் பெரியவர்ட்ட சொல்லிட்டியா?"

சொல்லிட்டேன்மா.