வளைந்த குழாய்

உண்மை அறியும் குழுவில் முதல்முறை வருகிற தம்பி தங்கைகள் கிளம்பும்போது கேட்பது ஒன்றுதான்: "அண்ணா, அங்க போய் என்ன கேட்கணும்?" எஃப்.ஐ.ஆர். நகல், பிரேதப் பரிசோதனை அறிக்கை, எந்தப் பிரிவில் வழக்கு, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைச் சேர்த்தார்களா இல்லையா என்று வழக்கமான பட்டியலைச் சொல்லிவிடுவேன். அந்தப் பட்டியலில் ஒரு கேள்வி பல வருடமாக விட்டுப்போயிருந்தது. அதை எனக்குக் காட்டிக் கொடுத்தது அமெரிக்காவில் ஒரு கோழிக்கறி ஆலை.

2021 ஜனவரி 28. ஜார்ஜியா மாநிலத்தில் கெய்ன்ஸ்வில் என்ற ஊர். உலகக் கோழிக்கறித் தலைநகரம் என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் ஊர் அது. அங்கே கோழி ஆலைகளில் நிற்பவர்களில் பெரும்பாலோர் மெக்சிகோவிலிருந்தும் பிற லத்தீன் அமெரிக்க நாடுகளிலிருந்தும் வந்தவர்கள். ஃபவுண்டேஷன் ஃபுட் குரூப் என்ற நிறுவனத்தின் ஆலையில் புதிதாக நிறுவிய உறைவிப்பான் ஒன்றிலிருந்து திரவ நைட்ரஜன் வழிந்தது. ஆறு பேர் இறந்தார்கள்.

இயந்திரத்தைக் கொஞ்சம் புரிந்துகொள்ள வேண்டும். பொறுமையாகப் படியுங்கள். திரவ நைட்ரஜன் மைனஸ் 196 டிகிரி குளிர்ச்சியில் இருக்கும். தொட்டியில் அதை நிரப்பி, கோழித் துண்டுகளை கன்வேயர் பெல்ட்டில் ஏற்றி உள்ளே விட்டால் சீக்கிரத்தில் கல்லாகிவிடும். உள்ளே இருப்பது கொதித்து ஆவியாகிக்கொண்டே இருப்பதால் புதிதாக ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். எவ்வளவு ஊற்றுவது? குறைந்தால் கறி சரியாக உறையாது. கூடினால் வழியும். இந்த மட்டத்தை மனிதர் யாரும் பார்த்துக்கொண்டிருப்பதில்லை, பார்ப்பது ஒரு மெல்லிய குழாய்.

ஒரு டம்ளர் மோரில் ஸ்ட்ராவை விட்டு ஊதிப் பாருங்கள். ஆழமாக விட்டால் குமிழி வர அழுத்தி ஊத வேண்டும், மேலாக வைத்தால் லேசாக ஊதினால் போதும். அந்தக் குழாயின் வேலையும் இதுதான். குமிழி வெளியேற எவ்வளவு அழுத்தம் தேவைப்படுகிறது என்பதை வைத்து, திரவம் எவ்வளவு உயரம் நிற்கிறது என்று கட்டுப்பாட்டுக் கருவி கணக்கிடும். அதற்கேற்ப வால்வு திறக்கும், மூடும்.

அந்த ஆலையில் அந்தக் குழாய் வளைந்து கிடந்தது. மட்டத்தை அதனால் சரியாகச் சொல்ல முடியவில்லை. மோரைவிட்டு வெளியே வந்த ஸ்ட்ராவில் ஊதினால் எதிர்ப்பே இருக்காது இல்லையா? கருவிக்கு அப்படி ஒன்று தெரிந்தால், தொட்டி காலி, இன்னும் ஊற்று என்றுதான் அதற்கு அர்த்தம். குழாய் பொய் சொன்னால் கண்டுபிடித்து நிறுத்த இரண்டாவது கருவி ஏதும் அந்த வடிவமைப்பில் இல்லை.

வழிந்த திரவம் ஆவியானால் கிட்டத்தட்ட 700 மடங்கு விரியும். அறையின் காற்றைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் தான் நிற்கும். நைட்ரஜன் விஷம் அல்ல. நாம் விடும் மூச்சில் 78 சதவீதம் அதுதான். நிறமில்லை, வாசனையில்லை. மூச்சு முட்டும் உணர்வு நமக்கு வருவது கார்பன் டை ஆக்சைடு உள்ளே சேர்வதால். நைட்ரஜனைச் சுவாசிக்கும்போது அது வழக்கம்போல வெளியே போய்க்கொண்டே இருக்கும். அதனால் உடம்பு எச்சரிக்காது. சில மூச்சுகளில் ஆள் சாய்ந்துவிடுவார்.

அறைக்குள் முதலில் விழுந்தவர்கள் பராமரிப்புத் தொழிலாளர்கள் இருவர். அவர்களுக்கு என்ன ஆனது என்று பார்க்கவும், தூக்கி வரவும் அறைக்கும் அதைச் சுற்றியும் போனவர்கள் குறைந்தது 14 பேர். மற்ற நான்கு உயிர்கள் அவர்களிடமிருந்து போனவை. ஆக்சிஜன் குறைந்தால் கத்துகிற கருவி அங்கே இல்லை. நைட்ரஜன் ஆளைக் கொல்லும் என்று தொழிலாளர்களுக்கு யாரும் பயிற்சி கொடுத்திருக்கவில்லை.

இந்த இடத்தில்தான் நான் படிப்பதை நிறுத்தினேன்.

சில வருடங்களுக்கு முன் வடமாவட்டம் ஒன்றில் கழிவுநீர்த் தொட்டி மரணத்துக்குப் போயிருந்தேன். இறங்கிய ஒருவர் சத்தமில்லாமல் விழ, தூக்கப் போன இன்னொருவரும் விழுந்தார். இருவரும் நம் ஆட்கள் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. மறுநாள் பத்திரிகையில் 'விஷவாயு தாக்கி இருவர் பலி' என்று வந்தது. வாயு என்னமோ வெளியூரிலிருந்து வந்து தாக்கிவிட்டுப் போனது மாதிரி. அந்தத் தலைப்பைத் திட்டிக்கொண்டே நான் எழுதிய அறிக்கையின் வரி இது: "உரிய பாதுகாப்பு உபகரணமின்றி, ஆபத்து குறித்த விழிப்புணர்வின்றி இருவரும் தொட்டியில் இறங்கியுள்ளனர்." சமூகவியலில் முதுகலை படித்தவன் எழுதியது. எழுவாய் யார் என்று பாருங்கள். செத்தவர்கள்.

கெய்ன்ஸ்வில் மரணங்களை விசாரித்த அமெரிக்க வேதியியல் பாதுகாப்பு வாரியம் 2023 டிசம்பரில் தன் அறிக்கையை வெளியிட்டது. அதில் காரணம் என்று வரும் இடத்தில் நிற்பது வளைந்த குழாய். பிறகு, ஒற்றைக் குழாயை நம்பி இயந்திரத்தைக் கட்டியவர்கள். பிறகு, கண்காணிப்புக் கருவி வைக்காத, பயிற்சி தராத நிர்வாகம். காப்பாற்றப் போனவர்களை அவசரப்பட்டவர்கள் என்று குறை சொல்லும் வேலையே இல்லை. பக்கத்தில் நின்றவன் விழுந்தால் மனிதர்கள் ஓடத்தான் செய்வார்கள் என்பதை முன்கூட்டியே கணக்கில் எடுப்பது நிர்வாகத்தின் பொறுப்பு.

அமெரிக்காவைத் தூக்கிப் பிடிக்கவில்லை. அறிக்கை வந்ததால் யாரும் எழுந்து வரவில்லை. 4 நிறுவனங்கள் மீது 59 விதிமீறல்களைச் சொல்லி அந்த நாட்டுத் தொழிலாளர் துறை விதிக்க முன்வந்த அபராதம் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 10 லட்சம் டாலர். அங்கே சாதி கிடையாது, இங்கே இருக்கிறது, ஆகவே இரண்டும் ஒன்று என்று மேடையில் பேசிவிடாதீர்கள். அங்குள்ளவர் அந்த வேலையை விட்டுப் போனால் அவர் பிள்ளைக்கு அது பெயராக ஒட்டிக்கொண்டு வராது. ஒத்துப்போவது இது மட்டும்தான்: வாசனையில்லாத காற்றில் யாரை நிறுத்தலாம் என்பது முன்பே முடிவாகியிருக்கிறது.

நம் ஊரிலும் உறைவிப்பு ஆலைகள் இருக்கின்றன. இறால் ஆலைகளில் குளிரூட்டப் பயன்படுவது பெரும்பாலும் அம்மோனியா. 2024 ஜூலையில் தூத்துக்குடி அருகே கடல் உணவு ஆலை ஒன்றில் அது கசிந்து, வேலை செய்த பெண்கள் சுமார் 30 பேர் மருத்துவமனைக்குப் போனார்கள். அம்மோனியா மூக்கில் ஏறும், கண்ணை எரிக்கும், ஓடு என்று சொல்லும். அதற்காக அதை நல்லது என்று சொல்லவில்லை. ஓடுவதற்கு வழி இருந்ததா, கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, எச்சரிக்கை மணி அடித்ததா என்று இனி இப்படியான இடங்களில் கேளுங்கள். மணி வேலை செய்கிறதா என்று கடைசியாகப் பார்த்தது யார், எந்தத் தேதியில், பதிவேட்டில் கையெழுத்து யாருடையது என்றும் கேளுங்கள்.

போன மாதம் இரண்டாவதாக இறங்கியவரின் அக்காவைப் பார்க்கப் போனேன். பழைய அறிக்கையில் ஒரு வரியைத் தப்பாக எழுதிவிட்டேன், மாற்ற வேண்டும் என்றேன். வாசலில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை.

"அவனுக்கு விழிப்புணர்வு இல்லைன்னு எழுதினதுதானே தம்பி? படிச்சுக் காட்டினாங்க." கொஞ்ச நேரம் உரித்தார். "அந்தத் தொட்டிய எத்தன வருசமா திறக்கலைன்னு நீங்க யாருமே கேக்கலியே."

நோட்டை எடுத்துக் கேட்டேன். பதினொரு வருடம் என்றார்.