பெரிய வீட்டு அண்ணன் தம்பி

அடி என் பிரியமானவளே,

உன் நாத்தனார் வாங்கிய தேக்கு பீரோ வாசலில் நுழையாமல் நின்ற கதையைப் படித்து ஒரு வாரமாய்ச் சிரிக்கிறேன். பதிலுக்கு ஸ்டுட்கார்ட்டிலிருந்து ஒரு பெரிய வீட்டுச் சங்கதி.

எதிர்வீட்டுப் பெரியவரின் ஷெட்டில் பென்ஸ் எஸ் கிளாஸ் இரண்டு நிற்கின்றன. அண்ணன், டபிள்யூ 126. 1979-ல் வந்தது. பெட்ரோல் நெருக்கடியைப் பார்த்த காலமாயிற்றே, எதிலும் அளவு. வடிவமைத்தவர் புரூனோ சாக்கோ. பக்கவாட்டு பிளாஸ்டிக் பட்டைகளுக்கு ‘சாக்கோ பலகை’ என்றே பட்டப்பெயர்! கதவிலுள்ள சுவிட்ச் குட்டி சீட் மாதிரியே இருக்கிறதடி. அதன் முதுகைச் சாய்த்தால் நம் சீட்டின் முதுகும் சாய்கிறது. எழுத்து தெரியாத என் பாட்டிகூடப் பழகிவிடுவாள்.

தம்பி, 1991-ல் வந்த டபிள்யூ 140. மியூனிக்கின் பிஎம்டபிள்யூ 1987-லேயே 12 சிலிண்டர் எஞ்சின் போட்டுவிட்டது. எதிர்வீட்டுக்காரி வைர அட்டிகை போட்டால் நம்மவள் சும்மா இருப்பாளா? பென்ஸ்காரர்களும் போட்டார்கள்: 6 லிட்டர், 12 சிலிண்டர், 408 குதிரைத்திறன். கதவை லேசாகச் சாத்தினால் மிச்சத்தை அதுவே இழுத்துக்கொள்கிறது. ரிவர்ஸ் போட்டதும் பின்மூலைகளில் இரண்டு கம்பிகள் நத்தைக் கொம்பு போல எழும்பின. கைதட்டிவிட்டேன்.

இப்போது காதைக் கொடு. இங்கே பணக்காரர்கள் கோடைக்குப் போகும் இடம் சில்ட் தீவு. காரை ரயிலில் ஏற்றித்தான் பலரும் போவார்கள். அண்ணன் அகலம் 1,820 மில்லிமீட்டர், தம்பி 1,886. தம்பியை ரயிலில் ஏற்ற முடியவில்லை! போதாக்குறைக்கு, பருத்த ஆட்கள் நாலு பேர் உட்கார்ந்தால் அனுமதித்த பாரமும் தாண்டிவிடுமாம். பத்திரிகைகள் விடுமா? விற்பனையிலும் அண்ணன்தான் முந்தி: 8 லட்சத்துக்கு மேல் விற்றுப்போனான். தம்பி சுமார் 4 லட்சம்தான்.

ஆனாலும் தம்பிக்குள் உட்கார்ந்தபோது மழை பிடித்தது. இரட்டைக் கண்ணாடியில் தண்ணீர் வழிகிறது, சத்தமே இல்லை. ஊமைப் படம் மாதிரி. முதலில் சொக்கிப்போனேன், ஐந்தாவது நிமிஷம் கண்ணாடியை இறக்கிக் கையை நீட்டிவிட்டேன். சீட்டெல்லாம் ஈரம். பெரியவர் முறைத்தார்.

“தினமும் ரொட்டி வாங்க எதில் போவீர்கள்?” என்று பேச்சை மாற்றினேன். “பழையதில்தான். பேக்கரிச் சந்தில் இதை யார் திருப்புவது?” என்றார்.

அது சரி, அந்த பீரோவைக் கடைசியில் எப்படித்தான் உள்ளே கொண்டுபோனார்கள்? அதை எழுதாமலே விட்டுவிட்டாயே!

உன் பழைய சிநேகிதி