சாமிக்கு வழிவிடும் ஓடுபாதை

திருவனந்தபுரத்துக்குப் பிழைக்க வந்த தமிழருக்கு ஊர் தரும் பெரிய வியப்பு, ஆண்டுக்கு இரண்டு நாள் அங்கே பன்னாட்டு விமான நிலையமே சாமிக்காக நின்றுவிடுவதுதான். பங்குனியிலும் ஐப்பசியிலும் பத்மநாபசுவாமி கோயில் உற்சவம் நிறைவடையும் மாலையில், ஆராட்டு ஊர்வலம் ஓடுபாதையைக் கடந்து சங்குமுகம் கடலுக்குப் போகிறது. திருவிதாங்கூர் அரச குடும்பத்தின் மூத்தவர் வாளேந்தி உடன் நடக்கிறார். சாமி நீராடித் திரும்பும்வரை, ஏறத்தாழ ஐந்து மணி நேரம், விமானம் ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை. சென்னையிலிருந்து வரும் சொந்தக்காரர் இதைக் கேட்டால், இது தலைநகரமா பட்டிக்காடா என்று சிரிப்பார். சிரிக்கத்தான் தோன்றும். ஆனால் பெரிய நகரங்கள் தொலைத்துவிட்ட ஓர் ஒழுங்கு இந்தப் பட்டிக்காட்டு வழக்கத்துக்குள் இருப்பதாகவே நான் நினைக்கிறேன்.

யார் முன்னால் வந்தவர் என்று பார்த்தாலே பாதி விளங்கும். விமானத்தளம் வந்தது 1932-ல், மன்னராட்சிக் காலத்தில். ஆராட்டு அதற்கு வெகுகாலம் முந்தியது. பின்னால் வந்தவர் முன்பே இருந்தவருக்கு வழிவிடுவது என்று அன்று வைத்துக்கொண்ட ஏற்பாடு, 1991-ல் நிலையம் பன்னாட்டுத் தகுதி பெற்ற பிறகும், 2021 அக்டோபரில் அதானி குழுமத்தின் கைக்குப் போன பிறகும் நிற்கிறது. இதற்கு நேர்மாறாக, ஜிப்ரால்டரில் நகரத்தின் முக்கியச் சாலையே ஓடுபாதையின் குறுக்கே போனது. 2023-ல் சுரங்கப்பாதை திறக்கும்வரை, விமானம் வந்தால் வாகனங்கள் காத்து நின்றன. இங்கே காத்திருப்பது விமானம். அதனால் பயணிக்கு நட்டமில்லையா என்பார்கள். உண்டு, மறுக்கவில்லை. ஆனாலும் நேரம் முன்கூட்டியே அறிவிக்கப்படுகிறது, விமான நிறுவனங்களும் அதற்கேற்பப் புறப்பாட்டை மாற்றிக்கொள்கின்றன. திடீரென்று வரும் ஹர்த்தால் என்னும் முழு அடைப்பில் இந்த மரியாதை கிடையாது. ஹர்த்தாலுக்கு ஏழு நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்று கேரள உயர் நீதிமன்றம் 2019 ஜனவரியில் சொல்ல வேண்டிவந்தது. ஊரை நிறுத்துவது ஒன்றுபோலத் தெரிந்தாலும், சொல்லிவிட்டு நிறுத்துவதும் சொல்லாமல் முடக்குவதும் வேறு வேறு.

இதே ஊரின் ஆற்றுகால் கோயில் பொங்கலைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். மாசியில் ஒரு நாள் தலைமைச் செயலக வாசல், ரயில் நிலையச் சுற்றுப்புறம் என்று கிழக்கேகோட்டையிலிருந்து பல கிலோமீட்டருக்குச் சாலையெல்லாம் செங்கல் அடுப்பாகிவிடும். 2009-ல் 25 லட்சம் பெண்கள் கூடியது கின்னஸில் பதிவானது. ஆற்றுகால் அம்மையைக் கண்ணகி என்றே ஊர் சொல்கிறது. அவள் கதையைப் பாடும் தோற்றம்பாட்டில் பாண்டியன் வதைபடும் கட்டம் முடிந்த பிறகுதான் அடுப்பில் தீ வைக்கிறார்கள். மதுரைப் பக்கத்திலிருந்து வந்தவர்களுக்கு இது தரும் நெகிழ்ச்சியைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கருவறையிலிருந்து எடுத்த தீ அடுப்புக்கு அடுப்பு கைமாறி, முன்பின் தெரியாதவர்களுக்கு நடுவே தெருத் தெருவாகப் போகிறது. அன்று எந்த வீட்டின் குழாயும் கழிவறையும் வந்தவர்களுக்குத் திறந்திருக்கும். மணக்காடு பள்ளிவாசலும் பொங்கலிட வரும் பெண்களுக்கு இடம் தருகிறது. மறுநாளைக்குள் மாநகராட்சி தெருவைக் கழுவிவிட்டு, மிஞ்சிய செங்கல்லைச் சேகரித்து ஏழைகளின் வீட்டுக் கட்டுமானத்துக்குத் தருகிறது. லட்சக்கணக்கானோர் கூடும் இந்த ஒரு நாளைத் தாங்குவது, சிற்றூரில் அக்கம்பக்கத்தார் ஒருவருக்கொருவர் செய்துகொள்ளும் அதே ஒத்தாசைதான்.

கனமான கேள்வி ஒன்று மீதமிருக்கிறது. பொது இடத்தை ஒரு மதத்துக்கு விட்டுக்கொடுப்பது சரியா? ஒரே மதத்துக்கு மட்டும் என்றால் சரியில்லை. அப்போது இதை வழிவிடுதல் என்று சொல்லவே முடியாது, பறிப்பு என்றுதான் சொல்ல வேண்டும். இந்த ஊரை அப்படிச் சொல்ல முடியாமல் செய்வது அதன் விடுமுறைப் பட்டியல். ஆற்றுகால் பொங்கலுக்கு விடுமுறை விடும் மாவட்ட நிர்வாகம், பீமாப்பள்ளி தர்கா உரூஸுக்கும் வெட்டுகாடு தேவாலயத் திருவிழாவுக்கும் உள்ளூர் விடுமுறை விடுகிறது. அந்த நாட்களில் பத்மநாபசுவாமி கோயிலைச் சூழ்ந்த கோட்டைக்குள் அக்கிரகாரத்துப் பிள்ளைகளுக்கும் பள்ளிக்கூடம் கிடையாது.