இரும்பு நன்றாக இருக்கிறதா?

கொடுங்கையூர்ப் பட்டறைகளில் இருபது வருடம் உழைத்த வி.எம்.சி. (செங்குத்து மில்லிங் எந்திரம்) அடிக்கடி நிற்க ஆரம்பித்தால், எல்லோரும் கன்ட்ரோலைத்தான் பார்க்கிறார்கள். திரை மங்குகிறது, டிரைவில் அலாரம், பழைய ஃபனுக் கார்டு செகண்ட் ஹேண்டில்தான் கிடைக்கிறது. எடைக்குப் போட்டுவிடலாம் என்கிறார்கள். இந்த எந்திரங்களோடு வாழ்பவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: எந்திரத்தின் ஆயுள் அதன் வார்ப்பிரும்பில் இருக்கிறது. அதைச் சோதித்துவிட்டு முடிவெடுங்கள்.

ஸ்பிண்டிலில் டெஸ்ட் பார் மாட்டி, கையால் சுற்றி, டயல் வைத்துப் பாருங்கள். மூக்கருகே 10 மைக்ரான், 300 மி.மீ. கீழே 20 மைக்ரானுக்குள் ஓடினால் எனக்குத் திருப்தி. கூடினால் பேரிங் செலவைக் கணக்கில் சேருங்கள்.

அடுத்தது டேபிள். வைஸ் எப்போதும் நடுவில் இருப்பதால் தேய்மானமும் நடுவில்தான் சேரும். பேக்லாஷை நடுவிலும் இரு ஓரங்களிலும் தனித்தனியே அளக்க வேண்டும். எங்கும் ஒரே அளவு என்றால் நட்டிலோ முனை பேரிங்கிலோ தளர்வு. நடுவில் மட்டும் கூடினால் பால்ஸ்க்ரூ தேய்ந்திருக்கிறது; பாராமீட்டரில் ஒரே திருத்தம் கொடுத்து இதைச் சரிக்கட்ட முடியாது, ஸ்க்ரூவை மாற்ற வேண்டும். பாக்ஸ் வே எந்திரத்தில், நடுவில் கிப்பை இறுக்கியதும் ஓரத்தில் டேபிள் பிடித்தால், கைடுவேயே போய்விட்டது. கிரைண்டிங், கை ஸ்க்ரேப்பிங் என்று செலவு நீளும். அங்கே நான் புது எந்திரத்தின் பக்கம்.

எந்திரத்தின் படுக்கை தேறினால் புதுக் கன்ட்ரோல், சர்வோ மோட்டார், டிரைவ், வயரிங் போடத் தயங்காதீர்கள். 1952-இல் எம்.ஐ.டி. காட்டிய முதல் எண்ணியல் கட்டுப்பாட்டு மில்லிங் எந்திரமே, சின்சினாட்டி ஹைட்ரோடெல் எந்திரம் ஒன்றை மாற்றியமைத்து உருவாக்கியதுதான்.

வேலையும் முக்கியம். மணலி ஆலைகளுக்குப் பம்பு உதிரி ஒன்றிரண்டாகச் செய்பவருக்குப் புதுப்பித்த எந்திரம் போதும். எண்ணூர் வண்டித் தொழிற்சாலைக்கு ஆயிரக்கணக்கில் பாகம் கொடுப்பவருக்கு ரேபிட் வேகமும் டூல் மாறும் நேரமும்தான் காசு. கன்ட்ரோலை மாற்றினாலும் பழைய உடம்பு அந்த வேகத்துக்கு வராது. புதுப்பிக்கும் செலவு புது எந்திர விலையில் பாதியைத் தாண்டினாலும் புதியதே நல்லது.

எந்த முடிவானாலும் பாராமீட்டர்களை இன்றே நகலெடுத்து வையுங்கள். மெமரி பேட்டரியைக் கன்ட்ரோல் ஓடும்போதே மாற்றுங்கள். கொட்டேஷன் கேட்பதற்கு முன் டயலை எடுங்கள்.