திருநீர்மலை, காலை ஆறு மணி

கார்த்திகை மாதத்து ஞாயிற்றுக்கிழமை. இரவு பெய்த மழை விட்டிருக்கிறது. திருநீர்மலை அடிவாரத்தில் பூக்காரம்மா கோணியை விரித்து, துளசி மாலைகளை ஈரத்துணியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து அடுக்குகிறார். வடகிழக்கே மீனம்பாக்கம் பக்கம் ஒரு விமானம் தாழ இறங்குகிறது. யாரும் தலை தூக்கவில்லை.

இரண்டு ஷேர் ஆட்டோக்கள் வந்து நிற்கின்றன. தாம்பரம் சானடோரியம், சேலையூர், செம்பாக்கம் ஆட்கள். பதினோரு பேர். ஒருவர் கம்பியைப் பிடித்து ஒரு காலை மட்டும் முதலில் தரையில் வைக்கிறார். ஒரு சிறுமி குதிக்கிறாள். ஒருவர் இறங்கி முழங்கையை நீட்டுகிறார். கண் தெரியாத இளைஞர் அதைப் பிடிக்கும்வரை அப்படியே நிற்கிறார்.

டீச்சர் கடைசியில் இறங்குகிறார். பள்ளியில் விளையாட்டு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். கழுத்தில் ஸ்டாப் வாட்ச். கக்கத்தில் நீளக் கணக்கு நோட்டு. தை மாதம் எல்லோரும் ஏலகிரி போகிறார்கள். இன்று ஒத்திகை.

நோட்டில் ஆறு கட்டங்கள். பெயர், வயது, ஏற, இறங்க, மருந்து. ஆறாவது கட்டத்துக்குத் தலைப்பு இல்லை.

செருப்பும் ஷூவும் வரிசையாகக் கழன்று நிற்கின்றன. கோயில் படி என்பதால் வெறுங்காலோடுதான் ஏற வேண்டும். கல்லூரிப் பையன் புது ட்ரெக்கிங் ஷூவை மனமில்லாமல் கழற்றுகிறான். சாக்ஸில் விலைச்சீட்டின் பிளாஸ்டிக் நூல் இன்னும் தொங்குகிறது. “ஏலகிரிக்கு முன்னாடி இத வீட்டுலயே போட்டு நடந்து பழக்கிடு. புது ஷூ மலையில கடிக்கும்.” டீச்சர் நோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் சொல்கிறார்.

சேலையூர் அக்கா ஒரு தூணருகே திரும்பி நின்று இன்ஹேலரை உறிஞ்சுகிறார். மூச்சைப் பிடிக்கிறார். விடுகிறார். கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். கால் மணி நேரம் கழித்துத்தான் முதல் படி. டீச்சரும் தன் கடிகாரத்தைப் பார்க்கிறார். அவசரப்படுத்தவில்லை.

ஸ்டென்ட் வைத்துக்கொண்ட மாமி ஏறவில்லை. டாக்டர் இன்னும் ஒரு மாதம் வேண்டாம் என்றிருக்கிறார். ஆனாலும் வந்திருக்கிறார். டீச்சர் அவர் கையில் ஒரு தாளைக் கொடுக்கிறார். பதினோரு பெயர், ஒவ்வொன்றுக்கும் வீட்டு நம்பர், ரத்த வகை. அடியில், “எட்டு மணிக்குள் இறங்காவிட்டால் போன் செய்யவும்.” மாமி தாளை நான்காக மடித்துப் பர்ஸில் வைக்கிறார். பர்ஸை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொள்கிறார்.

“நீங்க ஏன் கவலப்படுறீங்க? நிக்கிற பெருமாள் கீழதான இருக்காரு.” பூக்காரம்மா ஒரு முழம் கட்டிக்கொண்டே சொல்கிறார்.

அது சரிதான். திருநீர்மலையில் பெருமாள் நான்கு கோலம். அடிவாரக் கோயிலில் நீர்வண்ணர் நிற்கிறார். மேலே ரங்கநாதர் கிடக்கிறார், நரசிம்மர் வீற்றிருக்கிறார், உலகளந்தவர் நடக்கிறார். திருமங்கையாழ்வார் வந்தபோது மலையைச் சுற்றித் தண்ணீர். வடிவதற்காக ஆறு மாதம் காத்திருந்தார் என்பது தலவரலாறு.

மாமி நீர்வண்ணர் சந்நிதிப் பக்கம் திரும்பி உட்கார்கிறார்.

மேலே போகச் சுமார் இருநூறு படிகள். டீச்சர் வரிசையைச் சொல்கிறார். முட்டி வலிக்காரர் முதலில். அவருக்குப் பின்னால் சேலையூர் அக்கா. பிறகு சிறுமி, மற்றவர்கள். கல்லூரிப் பையன் கடைசி. யாரையும் முந்தக் கூடாது.

“நானா கடைசி?”

“கடைசி ஆளுதான் முக்கியம்பா. உன் பின்னாடி யாரும் இருக்கக் கூடாது.”

அவன் தோளில் தண்ணீர்ப் பை ஏறுகிறது. உள்ளே ஓ.ஆர்.எஸ். பாக்கெட், கிரேப் பேண்டேஜ், டார்ச், விசில், கடலை மிட்டாய்.

“பேசிக்கிட்டே ஏறுங்க. பேச்சு நின்னா காலும் நிக்கணும்.” ஸ்டாப் வாட்ச் ஓடத் தொடங்குகிறது.

முட்டி வலிக்காரர் ரயில்வேயில் இருந்தவர். அறுபத்தெட்டு வயது. வலது முட்டியில் பழுப்பு நிற நீ கேப். கையில் கொசுவலை கட்டிய பழைய மூங்கில் கம்பு; நுனியில் நாற்காலிக் கால் ரப்பர் மாட்டியிருக்கிறது. இடது காலை ஏற்றுகிறார். வலது காலைக் கொண்டுவந்து பக்கத்தில் சேர்க்கிறார். கம்பை எடுத்து அடுத்த படியில் வைக்கிறார். மறுபடி இடது கால். அவர் பின்னால் ஒன்பது பேரும் அதே வேகத்தில் நிற்கிறார்கள், ஏறுகிறார்கள்.

கல்லூரிப் பையன் ஒரு படி ஏறி, நின்று, ஒரு படி ஏறி, நிற்கிறான். போனை எடுக்கிறான். வைக்கிறான்.

கண் தெரியாத இளைஞர் இடது கையால் நண்பரின் முழங்கையையும் வலது கையால் சுவரையும் தொட்டபடி ஏறுகிறார். ஒவ்வொரு படியிலும் கால் கட்டைவிரல் கல்லின் விளிம்பைத் தடவிப் பார்த்த பிறகே பாதம் ஊன்றுகிறது. “இங்க படி உயரம் கூடுது. பாத்து.” அவர் சொன்ன பிறகே முன்னால் போகிறவர்கள் குனிந்து பார்க்கிறார்கள். படி ஓர் அங்குலம் உயர்ந்துதான் இருக்கிறது. சிறுமி அந்தப் படியில் திரும்ப ஒரு முறை ஏறிப் பார்க்கிறாள்.

கீழிருந்து சத்தம். கல்யாண கோஷ்டி. பட்டுப் புடவைகள், வீடியோக்காரர், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. நாற்காலியில் பாட்டி. நான்கு பேரன்கள் ஆளுக்கொரு காலைப் பிடித்திருக்கிறார்கள். முன்னால் பிடிப்பவர்கள் குனிகிறார்கள், பின்னால் பிடிப்பவர்கள் தோள்வரை தூக்குகிறார்கள். நாற்காலி சாயாமல் ஏறுகிறது. பாட்டி மடியில் தேங்காய்ப் பை. “மெதுவாடா, மெதுவாடா.” இருபது படிக்கு ஒருமுறை இறக்கி வைக்கிறார்கள். கை மாற்றுகிறார்கள். டீச்சர் கூட்டம் சுவரோரம் ஒதுங்குகிறது. ரயில்வேக்காரரும் பாட்டியும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையசைக்கிறார்கள்.

சேலையூர் அக்கா மருமகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வருகிறார். ஒரு வாக்கியம் பாதியில் நிற்கிறது. காலும் நிற்கிறது. கூட்டம் முழுவதும் நிற்கிறது. டீச்சர் ஆறாவது கட்டத்தில் எதையோ எழுதுகிறார். அக்கா மீதி வாக்கியத்தைச் சொல்லி முடித்ததும் எல்லோரும் ஏறுகிறார்கள்.

மேலே காற்று. சந்நிதி திறக்கக் காத்திருக்கும் நேரத்தில் கண் ஊர் மேல் போகிறது. கிழக்கே பல்லாவரம் மலை, திரிசூலம் மலை, கல் வெட்டிய வெள்ளைக் காயங்களோடு. கீழே ஏரி. தாம்பரம்–மதுரவாயல் புறவழிச்சாலையில் லாரிகள். நண்பர் இதையெல்லாம் வரிசையாகச் சொல்ல, கண் தெரியாத இளைஞர் எது எந்தத் திசை என்று கையைத் திருப்பிக் கேட்டுக்கொள்கிறார்.

தரிசனம் முடிகிறது. இறக்கம் தொடங்குகிறது. டீச்சர் இப்போதுதான் நோட்டை முழுதாக விரிக்கிறார். ஏறுவது மூச்சு வேலை. இறங்குவது முட்டி வேலை. ஒவ்வொரு படியிலும் உடல் எடையைப் போலப் பல மடங்கு முட்டியில் இறங்குகிறது. ஏறும்போது சிரித்துக்கொண்டிருந்த நாற்பது வயதுக்காரர் ஒருவர் இறங்கும்போது கம்பியைத் தேடுகிறார். ஆறாவது கட்டத்தில் அவர் வரியும் நிறைகிறது.

“சார், ஏறும்போது நல்ல கால் முதல்ல. இறங்கும்போது வலிக்கிற கால் முதல்ல. கம்பும் அதோட கீழ போகணும்.”

ரயில்வேக்காரர் கம்பைக் கீழ்ப்படியில் ஊன்றுகிறார். வலது காலை வைக்கிறார். இடது கால் வந்து சேர்கிறது. பக்கவாட்டில் திரும்பி அடுத்தது. சிறுமி அவருக்கு ஒரு படி கீழே நின்று, “வாங்க தாத்தா, இன்னும் நாப்பதுதான்” என்கிறாள். இன்னும் நூறுக்கு மேல் இருக்கிறது. தாத்தா திருத்தவில்லை.

அடிவாரத்தில் மாமி தாளைப் பிரித்துப் பெயர்களை டிக் அடிக்கிறார். பத்தாவது டிக் கல்லூரிப் பையனுக்கு. அவன் பின்னால் யாரும் இல்லை. பதினோராவது பெயர் மாமியுடையது. அதற்கும் ஒரு டிக்.

தெருமுனை டிபன் கடையில் இரண்டு மேஜைகள் சேர்க்கப்படுகின்றன. இட்லி, பொங்கல். பொங்கல் தட்டுக்குப் பக்கத்தில் நோட்டு.

“வெள்ளியங்கிரி போலாம் டீச்சர். ஏழு மலை.” கல்லூரிப் பையன்.

“நீ போலாம். நாம போக முடியாது.”

அவன் போனில் ஒரு கணக்கைக் காட்டுகிறான். ஸ்காட்லாந்து மலையேறி நெய்ஸ்மித் 1892இல் சொன்னது. 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம். 600 மீட்டர் ஏற்றத்துக்கு மேலும் ஒரு மணி நேரம். ஆகவே 10 கிலோமீட்டர் நடையும் 600 மீட்டர் ஏற்றமும் என்றால் 3 மணி நேரம். டீச்சர் 3 என்று எழுதுகிறார். ரயில்வேக்காரரைப் பார்க்கிறார். 3ஐ அடித்து 6 என்று எழுதுகிறார். “அந்தக் கணக்கு திடமா இருக்கவங்களுக்கு. உக்கார்ற நேரம் அதுல இல்ல.”

“சோளிங்கர் போனா எனக்குச் சிரமமில்ல. 1,305 படிக்குப் பதிலா ரோப் கார் வந்துடுத்து.” மாமி. அதுவும் நோட்டில் ஏறுகிறது. பங்குனிக்கு.

ஏலகிரியை ஏன் மார்ச் மாதம் வைத்துக்கொள்ளக் கூடாது என்று ஒருவர் கேட்கிறார். டீச்சரின் பேனா நிற்கிறது.

“மார்ச் வேண்டாம்.”

மேஜையில் பேச்சு அடங்குகிறது. 2018 மார்ச் 11, தேனி மாவட்டம் குரங்கணி. காய்ந்த புல்லில் பற்றிய தீ. சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர் பக்கமிருந்தும் போயிருந்தவர்கள் நடுவில் சிக்கினார்கள். 23 பேர் இறந்தார்கள். அந்த ஆண்டே அரசு மலையேற்ற விதிகளைக் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் 14 மாவட்டங்களில் 40 பாதைகள் இணையப் பதிவோடு திறந்தன. எளிது, நடுத்தரம், கடினம் என்று மூன்று தரம். ஊர்க்காரர்களே பயிற்சி பெற்று வழிகாட்டிகளாக வருகிறார்கள். சர்வர் வந்து சாம்பார் ஊற்றுகிறார். யாரோ டம்ளரை நகர்த்துகிறார்கள்.

டீச்சர் புதுப் பக்கம் திருப்புகிறார். நடுவில் ஒரு கோடு, மேலே ஒரு முக்கோணம், கீழே ஒரு வட்டம். வட்டம் புங்கனூர் ஏரி. முக்கோணம் சுவாமிமலை உச்சி, 4,338 அடி. கோட்டின் பாதியில் ஒரு புள்ளி.

வட்டத்தில் மாமி பெயர். மாமிக்குத் துணையாக இன்னொரு பெயர். தனியாக யாரும் இல்லை. புள்ளியில் ரயில்வேக்காரர். உச்சியில் ஏழு பெயர்கள்; கண் தெரியாத இளைஞரும் நண்பரும் அதில் முதலிரண்டு. மீதிப் பெயர் சேலையூர் அக்காவுடையது. டீச்சர் அவரைப் பார்க்கிறார். அக்கா புள்ளியைக் காட்டுகிறார். பிறகு விரலைக் கொஞ்சம் மேலே நகர்த்துகிறார். டீச்சர் அந்த இடத்தில் பென்சிலால் எழுதுகிறார். மற்ற பெயர்களெல்லாம் பேனாவில்.

ரயில்வேக்காரர் நோட்டைத் தன் பக்கம் திருப்புகிறார். “நான் ஒருத்தன் இல்லன்னா எல்லாரும் சீக்கிரம் போயிடலாமே.”

“சீக்கிரம் போய் என்ன சார் பண்ணப் போறோம்?”

அவர் பொங்கலில் மிளகை ஒதுக்குகிறார். நோட்டைத் திருப்பிக் கொடுக்கிறார். “அப்ப கம்பு இன்னொண்ணு எடுத்துட்டு வரேன்.”

கல்லூரிப் பையன் மேஜைக்கு அடியில் ஷூவை மாட்டிக்கொண்டிருக்கிறான். அவன் பெயருக்கு எதிரே ஆறாவது கட்டத்தில் ஒரே வரி. “முந்தவில்லை.”

பக்கத்தின் அடியில் டீச்சர் கட்டம் கட்டி எழுதுகிறார். ஒவ்வொருவராக வாங்கிப் படித்துக் கையெழுத்துப் போடுகிறார்கள். சிறுமியும் போடுகிறாள். கண் தெரியாத இளைஞருக்கு நண்பர் வாசித்துக் காட்டுகிறார்.

“புறப்பாடு காலை 6. ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர். மெதுவாக நடப்பவர் முன்னால். மழை வந்தால் ரத்து. பகல் 12 மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்ப வேண்டும், உச்சி பத்தடியில் இருந்தாலும்.”