தடுக்கும் உரிமை யாருடையது?

விளம்பரத் தடுப்பான் தானாக எதையும் தடுப்பதில்லை. யாரோ ஒருவர் உட்கார்ந்து விதி எழுதியிருந்தால்தான் தடுக்கும். இரண்டு நெட்டுக்கோடு, ஒரு தளத்தின் பெயர், கடைசியில் ஒரு கூரைக்குறி. அவ்வளவுதான் ஒரு விதி. அதன்பின் அந்தத் தளத்திடமிருந்து பிரவுசர் எதையும் கேட்டு வாங்காது. இரண்டு ஹேஷ் குறி போட்டு எழுதினால், பக்கத்தில் வந்துவிட்ட ஒரு பெட்டி மட்டும் கண்ணில் படாமல் மறையும். இப்படிப் பல்லாயிரம் விதிகள் சேர்ந்ததுதான் ஈஸிலிஸ்ட். தமிழ்த் தளங்களையும் கவனிக்க இந்தியன்லிஸ்ட் என்றொரு துணைப் பட்டியல் உண்டு.

நான் இந்த விதிகளை எழுதுகிறவன். எழுதுவது எளிது, அளவாக எழுதுவதுதான் கஷ்டம். விளம்பரத்தைக் குறிக்கும் அந்த இரண்டு ஆங்கில எழுத்து எங்கே வந்தாலும் தடு என்று எழுதினால், வேர்ட்பிரஸ் தளங்களின் படங்கள் மொத்தமும் காணாமல் போகும். அவை இருக்கும் ‘அப்லோட்ஸ்’ கோப்புறையின் பெயருக்குள்ளேயே அந்த இரண்டு எழுத்தும் இருக்கின்றன! அதனால்தான் யூபிளாக் ஆரிஜின் என்ற தடுப்பானின் லாகர் எனக்கு அவ்வளவு பிடிக்கும். பக்கம் கேட்டது என்ன, எது போனது, எந்த விதி எதை நிறுத்தியது என்று வரிவரியாகக் காட்டும். விதி தப்பென்றால் வாசகரே கண்டுபிடித்து நீக்கிவிடலாம்.

சில கண்காணிப்பு நிறுவனங்கள் செய்தித் தளத்தின் கிளைப்பெயரிலேயே ஒளிந்து வருகின்றன. டிஎன்எஸ்ஸில் அந்தப் பெயரைத் தொடர்ந்து போனால் வேறொரு கம்பெனியின் சர்வரில் முடியும். ஃபயர்பாக்ஸ் இந்த விவரத்தைத் தடுப்பான் போன்ற நீட்சிகளுக்குத் தருவதால் யூபிளாக் ஆரிஜின் 2020 முதல் இந்த வேஷத்தைக் கலைத்து வருகிறது. குரோம் தருவதில்லை.

நீட்சிகளுக்குக் குரோம் கொண்டுவந்த மேனிஃபெஸ்ட் வி3 மாற்றம் இதைவிடப் பெரிய இழப்பு. முன்பு ஒவ்வொரு கோரிக்கையும் கிளம்பும் முன் நீட்சியைக் கேட்டுத்தான் போகும். இப்போது விதிகளை முன்கூட்டியே ஒப்படைத்துவிட வேண்டும், முடிவெடுப்பது பிரவுசர். பாதுகாப்பு, அந்தரங்கம், வேகம் என்று கூகுள் காரணம் சொன்னது. எல்லாவற்றையும் பார்க்கும் நீட்சி ஆபத்துதான், மறுக்கவில்லை. ஆனால் அனுமதி பெற்ற நீட்சி கோரிக்கைகளை இன்றும் பார்க்கலாம். பறிபோனது தடுக்கும் உரிமைதான். யூபிளாக் ஆரிஜினை உருவாக்கிய ரேமண்ட் ஹில் இந்த ஏற்பாட்டுக்காக எழுதிய யூபிளாக் ஆரிஜின் லைட்டில் பட்டியல்கள் நீட்சிக்குள்ளேயே வருகின்றன. காலையில் திருத்திய விதி வாசகரிடம் சேர, நீட்சியின் அடுத்த பதிப்பு வரும்வரை காத்திருக்க வேண்டும். விளம்பரக் கம்பெனிக்கு அந்தக் காத்திருப்பு கிடையாது.

விளம்பர வருமானத்தில் பிழைக்கும் சிறு தளங்களின் கவலை நியாயமானது. நம்புகிற தளத்தில் ஒரே சொடுக்கில் தடுப்பை நிறுத்தி வைக்கலாம், நானும் சிலவற்றுக்கு அப்படித்தான் செய்கிறேன். ஆக்ஸல் ஸ்பிரிங்கர் பதிப்பகம் ஆட்பிளாக் பிளஸ் நிறுவனத்தின் மீது தொடுத்த வழக்கில், ஜெர்மனியின் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் 2018இல் தடுப்பானை வழங்குவது முறையற்ற போட்டியாகாது என்றது. அதைப் பயன்படுத்துவதா வேண்டாமா என்பது பயனர் எடுக்கும் முடிவு என்பதையும் அது கணக்கில் கொண்டது.

ஆண்ட்ராய்டு ஃபயர்பாக்ஸிலும் யூபிளாக் ஆரிஜின் ஓடுகிறது. கேட்பவர்களுக்கெல்லாம் அதைத்தான் போட்டுக் கொடுக்கிறேன். கணினியாக இருந்தால் லாகரை எப்படித் திறப்பது என்றும் காட்டிவிடுவேன்.